தரிசு என்று ஒரு நிறம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். மழைக்குப் பிந்தைய செப்டம்பரில் அதில் முழங்கால் உயரம் புல் நிற்கும். மே மாதத்தில் அதே இடம் வெறும் பழுப்பு மண். இந்த ஒரே நிலத்துக்கு மூன்று வரைபடங்கள் உண்டு. அரசாங்கத்தின் படத்தில் அது தரிசு. சூரிய மின்சாரம் தயாரிக்கும் கம்பெனியின் படத்தில், நல்ல வெயில் அடிக்கிற, மலிவான, மரம் வெட்டும் தொல்லையில்லாத முதல் தர இடம். வனவிலங்கு ஆய்வாளரின் படத்தில், உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் ஒரு பறவை முட்டையிடும் தரை.

மூன்றுமே கம்ப்யூட்டரில் தயாரானவைதான். மூன்றுக்கும் மூலப்பொருள் ஏறக்குறைய ஒரே மாதிரியான செயற்கைக்கோள் படங்கள்தான். படத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்குமே, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் கட்டம், அங்கேதான் மூன்றும் பிரிகின்றன. ஒரு நிறத்துக்கு எதிரே 'தரிசு' என்று எழுதுவதா, 'புல்வெளி' என்று எழுதுவதா? அந்த ஒரு சொல் ஒரு பறவையினம் பிழைப்பதையும் அழிவதையும் தீர்மானித்துவிடக்கூடும்.

அந்தப் பறவை கானமயில். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். நின்றால் ஒரு மீட்டர் உயரம். பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே மிகக் கனமானவற்றில் இதுவும் ஒன்று. மரத்தில் அடையாது, கூடு கட்டாது. திறந்த வெளியில் வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். பறவையியல் நிபுணர் சலீம் அலி, இந்தியாவின் தேசியப் பறவையாக இதைத்தான் பரிந்துரைத்தார். 1963-ல் அந்தப் பட்டம் மயிலுக்குப் போயிற்று. ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை வறண்ட சமவெளிகளில் நடமாடிய இந்தப் பறவை, காட்டில் இன்று சுமார் 150 தான் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானில்.

தமிழில் இத்தகைய உயிர்களின் பெயர்களே ஒரு நிலப்படம் போல இருக்கின்றன. திறந்த வெளியில் திரியும் மானுக்கு வெளிமான் என்று பெயர். வரகு விளையும் மேட்டுநிலத்தோடு சேர்த்து அறியப்பட்ட பறவை வரகுக்கோழி. கானமயிலின் 'கான்' காட்டைக் குறிப்பது. மரமில்லாத வெளியில் வாழும் பறவைக்கு ஏன் காட்டின் பெயர் என்று கேட்கலாம். கிராமத்துத் தமிழில் காடு என்றால் அடர்ந்த வனம் மட்டுமில்லை. மானாவாரிப் புஞ்சையும் காடுதான், ஆடு மேய்கிற புல்தரையும் காடுதான். அரசாங்க அகராதியில் அந்தச் சொல் சுருங்கி, மரம் இருந்தால்தான் காடு என்றாகிவிட்டது. கானமயிலின் கஷ்டகாலம் அந்தச் சுருக்கத்தோடு சேர்ந்தே வந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியின் நிலவரிக் கணக்கில் இரண்டு விஷயங்களுக்கு மதிப்பு இருந்தது: வரி தரும் வயல், மரம் தரும் காடு. இரண்டிலும் சேராதது வீண் நிலம். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பத்தி கணக்குப் புத்தகத்தில் அப்படியே தங்கிவிட்டது. 1985-ல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டபோது 'மேம்பாடு' என்பதற்குப் பெரும்பாலும் மரம் நடுவது என்றே பொருள். 1988 மார்ச்சில் சோதனை நிலையைத் தாண்டி முறையாகச் செயல்பட்ட இந்தியாவின் முதல் தொலையுணர்வு செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏறியது. நாட்டின் ஒவ்வொரு மூலையையும் மேலிருந்து பார்க்கும் வசதி கிடைத்தது. ஆனால் பார்த்ததற்குச் சூட்டிய பெயர்கள் பழைய பெயர்கள்தான். இந்தியத் தரிசுநில அட்லஸ் 2000-ல் முதல்முறையாக வெளியாயிற்று. 2019-ல் வந்த பதிப்பின்படி நாட்டில் 5 கோடியே 57 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் தரிசு. இது மொத்தப் பரப்பில் சுமார் 17 சதவீதம். பாறையும் உவர்மண்ணும் அதில் உண்டு. வெளிமானும் ஓநாயும் கானமயிலும் வாழும் புல்வெளியும் புதர்வெளியும் அதே கணக்கில் உண்டு.

காடுகளைப் பற்றி இரண்டாண்டுக்கு ஒரு முறை அறிக்கை வருகிறது. 1 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கிளைகளின் நிழல் விழுந்தால் அது காட்டுப் பரப்பு என்று இந்திய வன அளவீட்டு நிறுவனம் கணக்கிடுகிறது. இந்த அளவுகோலின்படி ஒரு புல்வெளியில் வரிசையாகக் கன்று நட்டு வளர்த்துவிட்டால் நாட்டின் காட்டுக் கணக்கு உயரும். புல்வெளி அழிந்த கணக்கு எந்தப் பக்கத்திலும் ஏறாது.

இந்த இடத்தில்தான் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த வரைபட சாஃப்ட்வேர்களின் உதவி முக்கியமாகிறது. 2002-ல் தொடங்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஸ் போன்ற சாஃப்ட்வேர் இப்போது சாதாரண மடிக்கணினியிலேயே ஓடுகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008-லிருந்து யாருக்கும் இலவசம். ஒரு காலத்தில் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வேலையை இன்று ஒரு கல்லூரி மாணவி விடுதி அறையில் உட்கார்ந்து செய்ய முடியும்.

செய்முறை கேட்பதற்கு எளிது. கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் மழையளவு. இன்னொன்றில் நிலத்தின் சரிவு. அடுத்ததில் தாவரம் எந்த மாதம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்ற கணக்கு. பிறகு வயல், ஊர், சாலை, நீர்நிலை. எல்லாத் தாள்களும் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டவை. லேண்ட்சாட் படத்தில் ஒரு சதுரம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒவ்வொரு தாளிலும் ஓர் எண் இருக்கும்.

இனி, பறவையை நிஜமாகவே பார்த்த இடங்களைப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். புள்ளி விழுந்த சதுரங்களின் எண்களை கம்ப்யூட்டர் ஆராய்கிறது. சரிவு குறைவு, புல் நடுத்தர உயரம், சாலை தூரம் என்று அந்த இடங்களுக்குப் பொதுவான சாயல் எது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு, பறவையை யாரும் பார்த்திராத மற்ற சதுரங்களில் அந்தச் சாயல் எவ்வளவு இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் மதிப்பெண் போடுகிறது. மேக்ஸென்ட் என்ற சாஃப்ட்வேர் இந்த வேலையில் உலகெங்கும் பெயர்பெற்றது. பறவை இல்லாத இடங்களின் பட்டியல் கையில் இல்லாவிட்டாலும், இருந்த இடங்களை வைத்தே கணக்குப் போட்டுவிடும் என்பது அதன் சிறப்பு. கடைசியில் திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் விரிகிறது. சிவப்பு என்றால் ஏற்ற இடம்.

ஒரு மாவட்டம் முழுக்க ஜீப்பில் அலைந்து பார்க்க முடியாது. எங்கே முதலில் போய்த் தேடுவது, எந்த ஊரில் பேசுவது, எந்தத் துண்டைக் காப்பாற்றினால் இரண்டு துண்டுகள் இணையும் என்பதையெல்லாம் இந்தப் படம் சொல்லிவிடுகிறது. பணமும் ஆளும் குறைவாக உள்ள வேலையில் இது பெரிய லாபம். சிக்கல் என்னவென்றால், படம் பார்ப்பதற்கு மிகத் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதை எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் சிக்கல் காலம். மேகம் இல்லாத படம் வேண்டும் என்றால் கோடைக்காலப் படம்தான் சுலபமாகக் கிடைக்கும். தாவரத்தின் பச்சையை அளக்கும் கணக்கு, இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதை வைத்துப் போடப்படுவது. காய்ந்த புல்லில் அந்தக் கணக்கு வெறும் மண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மே மாதப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு ஜெய்சல்மேரின் புல்வெளி பாலைவனம். பழந்தமிழ் மரபில், மழை பொய்த்து வெயில் காய்ந்தால் முல்லையும் குறிஞ்சியும் தன்மை திரிந்து பாலையாகும் என்றொரு பார்வை உண்டு; சிலப்பதிகாரம் அதைச் சொல்கிறது. நிலம் ஒன்றுதான், பருவம்தான் வேறு என்பது அந்தப் பார்வை. இன்றைய ஆய்வாளர்கள் ஒரே படத்தை நம்பாமல் ஆண்டு முழுவதற்குமான படங்களை அடுக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது சிக்கல் பச்சை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி புல்வெளி சுமார் 2,500 ச.கி.மீ. பரப்புள்ளது. உவர்நிலம் பரவுவதைத் தடுக்க 1960-களில் அங்கே சீமைக்கருவேலம் விதைக்கப்பட்டது. அது புல்லை விழுங்கிக்கொண்டு பரவியது. எருமைகளை மேய்த்துப் பிழைக்கும் மால்தாரி மக்களுக்கு மேய்ச்சல் சுருங்கியது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பன்னி முன்பைவிடப் பசுமையாகத் தெரியும். பச்சை கூடினால் நல்லது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தால், அது சீமைக்கருவேலத்துக்கும் நல்ல மதிப்பெண் போடும். திறந்த வெளியில் தூரத்து எதிரியைப் பார்த்து உயிர் பிழைக்கும் பறவைக்கு அந்த முள்மரக்கூட்டம் சுவர் மாதிரி.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பறவையைப் பார்த்த புள்ளிகளை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். ஆனால் பறவை பார்ப்பவர்கள் சாலையோரம், ஊர்ப்பக்கம், சரணாலயத்துக்குள் போகிறார்கள். யாரும் போகாத இடத்தில் புள்ளி விழாது. இதைச் சரிசெய்யாவிட்டால் பறவைக்குச் சாலை பிடிக்கும் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய விஷயம், பறவை இன்று இருக்கும் இடம் அது விரும்பி வந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. விரட்டப்பட்டு ஒதுங்கிய இடமாக இருக்கலாம். கானமயில்களில் கணிசமானவை இன்று பொக்ரான் ராணுவப் பயிற்சித் தளத்தில் இருக்கின்றன. குண்டுச் சத்தம் பிடித்து அவை அங்கே போகவில்லை. மனிதர்கள் உழாத, கட்டடம் எழுப்பாத புல்வெளி அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. ஒதுங்கிய இடத்தைப் பார்த்து விருப்பத்தைக் கணக்கிட்டால், கானமயில் ஒரு காலத்தில் வாழ்ந்த நல்ல நிலங்கள் மதிப்பெண் குறைந்து பட்டியலிலிருந்தே கழன்றுவிடும்.

வயல்களை முழுவதும் கழித்துவிடுவதும் ஆபத்து. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் ஷோகாலியா பகுதியில் வரகுக்கோழிகள் மழைக்காலத்தில் விளைநிலங்களுக்கு நடுவே இனப்பெருக்கம் செய்கின்றன. சுத்தமான புல்வெளிதான் வேண்டும் என்று சாஃப்ட்வேரில் நிபந்தனை போட்டால் அந்த இடம் படத்தில் வெறுமையாக நிற்கும். விவசாயி எதைப் பயிரிடுகிறார், எப்போது அறுக்கிறார், என்ன மருந்து அடிக்கிறார் என்பதும் வாழிடத்தின் ஒரு பகுதி. அதை எந்த செயற்கைக்கோளும் சொல்லாது.

இதையெல்லாம்விடக் கொடிய விஷயம் ஒன்று படத்தில் தெரியவே தெரியாது. அது மின்கம்பி. கானமயிலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கனமான உடம்பு, எதிரே கம்பியைக் கண்டாலும் சட்டென்று திரும்ப முடியாது. தார் பாலைவனத்தில் கானமயில் வாழும் சுமார் 4,200 ச.கி.மீ. பரப்பில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பறவைகள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. கானமயில்களும் அதில் அடக்கம். 900 சதுர மீட்டர் சதுரத்தில் விரல் தடிமனுள்ள கம்பிக்கு ஓர் அடையாளமும் இருக்காது. புல்லின் உயரம், மழை, சரிவு எல்லாம் பொருந்தி, திரையில் அடர் சிவப்பாக ஒளிரும் இடம், நிஜத்தில் பறவைக்குக் கண்ணியாக இருக்கலாம். கம்பித் தடங்களைத் தரையில் நடந்தும் வண்டியில் போயும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்து தனித் தாளாக அடுக்கினால்தான் படம் முழுமையாகும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர், அகமதுநகர் மாவட்டங்களில் கானமயிலுக்காக 1979-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் பரப்பு 8,496 ச.கி.மீ. ஊர்கள், சந்தைகள், பாசன வயல்கள், சாலைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் விழுந்தன. பறவைக்கான புல்வெளியோ அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. வீடு கட்டவும் நிலம் விற்கவும் தடைகளைச் சந்தித்த ஜனங்களுக்குப் பறவை மீதே வெறுப்பு வந்தது. 2012-ல் பரப்பு 1,222 ச.கி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குள் அங்கே பறவையும் அருகிப்போயிருந்தது.

மத்தியப் பிரதேசத்தின் சிவ்புரி மாவட்டத்தில் கரேராவின் கதை இன்னும் சோகமானது. 1981-ல் சுமார் 200 ச.கி.மீ. பரப்பில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருந்த பெரும்பகுதி விவசாயிகளின் நிலம். நிலத்தை விற்க முடியவில்லை. பாதுகாப்பில் வெளிமான்கள் பெருகிப் பயிரைத் தின்றன. யாருக்காகச் சரணாலயமோ அந்தக் கானமயிலின் மேல் ஊரின் கோபம் திரும்பியது. 1990-களின் நடுவில் கரேராவில் கானமயில் அடியோடு மறைந்துவிட்டது. கோடு மட்டும் பல ஆண்டுகள் வரைபடத்தில் இருந்தது.

நல்ல வரைபடம் இருந்திருந்தால் இந்த இரண்டு இடங்களிலும் எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே தெரிந்திருக்கும். பறவைக்கு உண்மையிலேயே வேண்டிய சில நூறு ஹெக்டேர்களுக்கு மட்டும் கடுமையான காவல் போட்டு, மற்ற இடங்களில் விவசாயியோடு பேசி ஏற்பாடு செய்திருக்கலாம். வரைபட சாஃப்ட்வேரின் உண்மையான பயன் இதுதான்: பெரிய கோட்டுக்குப் பதில் சரியான கோடு.

அந்தத் திசையில் முக்கியமான ஒரு வேலையை எம்.டி. மதுசூதன், அபி வனக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020-களின் தொடக்கத்தில் செய்தார்கள். இந்தியாவின் ஓரளவு வறண்ட பகுதிகளில் இயற்கையாகவே திறந்த வெளியாக உள்ள நிலங்கள் எங்கெங்கே என்று, கூகிள் எர்த் எஞ்சின் உதவியோடு 30 மீட்டர் நுணுக்கத்தில் படம் தயாரித்தார்கள். புல்வெளி, புதர்வெளி, பாறைவெளி, மணல்மேடு எல்லாம் அதில் உண்டு. விடை ஆச்சரியமானது. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம், அதாவது 3 லட்சம் ச.கி.மீ.க்கும் மேல், இத்தகைய நிலம். அதில் 5 சதவீதத்துக்கும் குறைவுதான் தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற பாதுகாப்புக்குள் வருகிறது. பெரும் பகுதி தரிசுநில அட்லஸின் கணக்கில் தரிசு. படத்தை யாரும் கம்ப்யூட்டரில் திறந்து தங்கள் ஊரைப் பார்த்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். மரமின்மை ஒரு குறை என்று பார்க்காமல், மரமின்மையே இந்த நிலத்தின் இயல்பு என்று அந்த நிறக்கட்டத்தில் எழுதினார்கள். மாற்றம் அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

வரைபடம் எவ்வளவு பெரிய சண்டைக்குக் காரணமாக முடியும் என்பதைக் கானமயில் வழக்கில் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவருமான எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. கானமயிலுக்கு முக்கியமானவை, வாய்ப்புள்ளவை என்று ராஜஸ்தானிலும் குஜராத்திலும் குறிக்கப்பட்ட பகுதிகளில் புதிய மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும், பழையவற்றையும் முடிந்தவரை மாற்ற வேண்டும் என்றது. அந்தப் பகுதிகளின் பரப்பு சுமார் 99,000 ச.கி.மீ.

மத்திய அரசு இதை எதிர்த்தது. நாட்டிலேயே சூரிய மின்சாரத்துக்கு மிகவும் ஏற்ற நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது. உயர் அழுத்தக் கம்பியைப் புதைப்பது தொழில்நுட்பத்தில் கடினம், செலவும் தாங்காது. நிலக்கரியைக் குறைக்காவிட்டால் பறவைக்கும் மனிதனுக்கும் சேர்த்தே கெடுதல் என்று வாதிட்டது. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின் உற்பத்தித் திறனை 5 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது இந்தியாவின் இலக்கு. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த ஒட்டுமொத்தத் தடையைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் பரிந்துரையை ஏற்று 2025 டிசம்பரில் வந்த தீர்ப்பில், முன்னுரிமைப் பகுதி ராஜஸ்தானில் 14,013 ச.கி.மீ., குஜராத்தில் 740 ச.கி.மீ. என்று முடிவாயிற்று.

99,000 எங்கே, 15,000-க்கும் குறைவு எங்கே! பறவையை ஏமாற்றிவிட்டார்கள் என்று இதைப் படித்தவுடன் தோன்றும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சோலாப்பூரின் அனுபவம் சொல்வதுபோல, காக்க முடியாத பெரிய கோட்டைவிடக் காக்கக்கூடிய சிறிய கோடு மேல். ஆனால் சிறிய கோட்டில் தவறுக்கு இடமே இல்லை. கானமயில் ஓரிடத்தில் நிற்கும் பறவை இல்லை. பருவத்துக்கேற்ப நெடுந்தூரம் போய்வருவது. கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு துண்டுப் புல்வெளி, இரண்டு முக்கியமான இடங்களுக்கு நடுவில் அது இறங்கி இளைப்பாறும் இடமாக இருக்கலாம். அந்தத் துண்டு 'தரிசு' என்று கணக்கில் இருந்தால், அடுத்த ஆண்டு அதன் மேல் கண்ணாடித் தகடுகள் வரிசையாக நிற்கும்.

சூரிய மின்சாரத்துக்கும் புல்வெளிக்கும் பகை இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அதே அடுக்குமுறை, அதே சாஃ்ப்ட்வேர், கேள்வியை மட்டும் சேர்த்துக் கேட்டால் போதும். வெயில் நல்லது, மின்தடம் அருகில், அதேநேரம் புல்வெளி இல்லாத இடம் எது? கூரைகள், கைவிட்ட சுரங்கங்கள், உண்மையிலேயே கெட்டுப்போன நிலங்கள் எங்கே? இந்தக் கேள்விக்கு கம்ப்யூட்டர் மறுக்காமல் விடை சொல்லும். இதுவரை ஒரு துறை ஒரு படத்தையும் இன்னொரு துறை இன்னொரு படத்தையும் தனித்தனி அலமாரியில் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

திரையில் தெரியாத இன்னொரு தாளும் உண்டு. அது ஊர் ஜனங்களின் நினைவில் இருக்கிறது. ராஜஸ்தானில் ஒவ்வொரு பகுதியிலும் 'ஓரண்' என்று கோயில் நிலங்கள் உண்டு. சாமியின் பெயரால் அங்கே மரம் வெட்டக் கூடாது, உழக் கூடாது. ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி, ஆனால் பெரும்பாலும் திறந்த வெளி. எந்தப் புல் எந்த மழைக்கு முளைக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கடைசியாக வற்றும், பறவை எந்த மேட்டில் முட்டையிடும் என்பது அங்கே மேய்ப்பவர்களுக்குத் தெரியும். ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் கானமயில் வந்துபோகும் இடம். இத்தகைய ஓரண்களில் பல வருவாய்க் கணக்கில் அரசுத் தரிசாகவே எழுதப்பட்டிருந்தன. மின் திட்டங்களும் கம்பித் தடங்களும் அங்கே வந்தபோதுதான், சாமி நிலம் என்று தாங்கள் நினைத்திருந்தது கணக்கில் யாருடையது என்று ஊருக்குத் தெரிந்தது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் ராஜஸ்தான் வனத்துறைக்கு உத்தரவிட்டது: ஒவ்வொரு ஓரணையும் செயற்கைக்கோள் மூலமாகவும் தரையில் நேரடியாகவும் அளந்து வரைபடம் தயாரிக்க வேண்டும், அவற்றைக் காடு என்று வகைப்படுத்திப் பாதுகாக்க வேண்டும். இரண்டு விதமாகவும் அளக்கச் சொன்னது முக்கியம். ஊர்க்காரர் எல்லைக் கல்லைக் காட்ட, அளப்பவர் கையில் கருவியோடு கூடவே நடந்தால்தான் அந்தப் படம் உண்மையாகும். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காடு என்ற பெயர் கிடைத்துவிட்டதால், அடுத்து அங்கே மரம் நடக் கிளம்பிவிடக் கூடாது. தரிசு என்ற பெயர் செய்த கெடுதலைக் காடு என்ற பெயரும் செய்ய முடியும்.

இதற்கிடையே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சம் என்ற இடத்தில் 2019-ல் கானமயில் இனப்பெருக்க மையம் தொடங்கியது. காட்டிலிருந்து முட்டைகளைக் கவனமாக எடுத்து வந்து பொரித்து வளர்த்தார்கள். பிறகு ராம்தேவ்ராவில் இன்னொரு மையம் வந்தது. 2024 அக்டோபரில் செயற்கை முறையில் கருத்தரித்த முட்டையிலிருந்து ஒரு குஞ்சு பொரிந்தது. 2025-க்குள் மையங்களில் உள்ள பறவைகளின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது. அழிவின் விளிம்பில் இருந்த ஓர் இனத்துக்கு இது சாதாரண வெற்றி இல்லை. ஆனால் இந்தப் பறவைகள் கூண்டில் வாழ்ந்து முடிவதற்காகப் பிறக்கவில்லை. அவற்றைத் திறந்துவிட நிலம் வேண்டும். புல் வேண்டும், கம்பி இருக்கக் கூடாது, தெருநாய் இருக்கக் கூடாது, பக்கத்து ஊர் பறவையை வெறுக்கக் கூடாது. அந்த நிலத்தைத் தேடித்தான் ஆய்வாளர்கள் திரையில் தாள் தாளாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த இடம் அதற்குள் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டில், அந்த சர்வே எண்ணுக்கு எதிரே உள்ள பத்தியில் இருக்கிறது. அங்கே எழுதியிருக்கும் சொல்லை மாற்ற எந்த சாஃப்ட்வேராலும் முடியாது; அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். அப்படிப் போகிறவர் மே மாதத்தில் ஒரு முறையும் செப்டம்பரில் ஒரு முறையும் போனால் நல்லது.